பின்வளவுப் பாதை

பத்திரம் பதிகிற நொத்தாரிசு வாசிக்கத் தொடங்கியதும் பவளராணி கதிரையில் முதுகு படாமல் நிமிர்ந்து இருந்தாள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யட்டா என்று போன கிழமை இந்தக் கந்தோரிலிருந்து கேட்டபோது, புருஷன் குலசிங்கம் வாயைத் திறக்க முன்னமே தேவையில்லை என்று சொன்னவள் அவள்தான். இருபது வருஷமாக முதியோர் இல்லத்தில் டச்சுக் கிழவன் கிழவிகளுக்குக் குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்தி, சாகிற நேரம் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளுக்கு, தன் சொந்த வீட்டு உறுதிப் பத்திரத்தை இன்னொருத்தர் வந்து தமிழில் ஊட்டிவிட வேணுமாக்கும். அதோடு விட்டாளா? முக்கியமானதை மட்டும் வாசித்தால் போதும்தானே என்று நொத்தாரிசு கேட்டதற்கு, இல்லை, முழுக்க வாசியுங்கோ என்றும் சொல்லிவிட்டாள். இப்போது வாசிக்கிறாள் அந்தப் பெண். நாற்பது வயதுகூட இராது, காலில் வெள்ளைச் சப்பாத்து, மூச்சு எங்கே எடுக்கிறாள் என்றே தெரியவில்லை. கால் நோகுது, யன்னலைச் சாத்து, என்ர மகன் வந்தவனா என்று கேட்கிற டச்சு பவளராணிக்குத் தண்ணி பட்ட பாடு. இது அந்த டச்சு இல்லை. ஒரு வசனம் தொடங்கினால் அது முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. பரவாயில்லை. அவளுக்கு வேண்டியது ஒரேயொரு பந்தி. பின்வளவுப் பாதையைப் பற்றின பந்தி. அது வரும்போது வாசிக்கிறவளை நிற்பாட்ட வேணும், இது எனக்கு வேண்டாம், இதை எடுத்தால்தான் கையெழுத்து என்று சொல்ல வேணும். மிச்சத்தை இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விடலாம். எதிரே வீட்டை விற்கிற வெசலிங் கிழவி, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கோவிலில் இருப்பதுபோல இருக்கிறாள். பக்கத்தில் குலசிங்கம் கோப்பியோடு தந்த ஒற்றை பிஸ்கற்றை இன்னும் தின்னாமல் வைத்திருக்கிறார். மனுஷனுக்குப் பயம். பொம்பிளை இஞ்சை என்னத்தைக் கிளப்பப் போறாளோ என்று பயம். பயப்படட்டும்.

பாதை என்றால் என்ன பெரிய பாதை. வீட்டுக்குப் பின்னால், குசினி யன்னலுக்கும் புல்தரைக்கும் நடுவில், பழைய செங்கல் பதித்த ஒடுங்கலான நடை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் புல்லில் இறங்க வேணும். ஒட்டிக் கட்டின நாலு வீட்டில் இது இரண்டாவது. முதலாவது வீட்டில் ஹெர்மன் என்றொரு கிழவன், மனுசி செத்துத் தனியாக இருக்கிறான். முதல் தரம் வீடு பார்க்க வந்தபோது அவள் குசினிக்குள் நின்று, அடுப்பை எந்தப் பக்கம் வைக்கலாம், கறி தாளித்தால் புகை எதால் போகும் என்று யோசித்துக்கொண்டிருக்கையில், யன்னலுக்கு வெளியே ஒரு நரைத்த தலை போனது. தலைக்குப் பின்னால் ஒரு பச்சைக் குப்பை வாளி உருண்டு போனது. வீட்டைக் காட்ட வந்த முகவன் சிரித்துக்கொண்டு, "பக்கத்து வீட்டுக்காரர். பின்னால் நடந்து போக அவருக்கு உரிமை இருக்கிறது" என்றான். உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் அடுப்பையும் புகையையும் மறந்துபோனாள். கிழவன் போதாக்குறைக்கு யன்னலைப் பார்த்துக் கையையும் ஆட்டினான். அவளும் ஆட்டினாள், ஆட்டாமல் என்ன செய்வது. ஆனால் அன்றைக்கே நினைத்துவிட்டாள், இந்தத் தலை இனி இந்த யன்னலுக்கால் போகாது. பிறகு உறுதியின் நகல் தபாலில் வந்தபோது மகள் ஆரணி தொலைபேசியில் வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். பின்வளவால் அயலவர் செல்லும் உரிமை என்று வந்த இடத்தில், "போதும் வை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் பவளராணி. "அம்மா, இன்னும் கிடக்கு, முழுக்கக் கேளுங்கோ" என்று பெட்டை திரும்ப எடுத்தது. "எனக்கு விளங்கினது காணும்." ஒரு கிழமையாக வீட்டில் இதே கதைதான். நேற்றுப் பின்னேரம் குலசிங்கம் சோற்றைப் பிசைந்தபடி, "நீர் என்ன விசர்க் கதை கதைக்கிறீர், அந்தாள் குப்பை வாளிதானே கொண்டு போறான், படை நடத்திக்கொண்டு போறானோ?" என்று கேட்டார். "உங்களுக்கு விளங்காது. உங்கட ஆக்கள் வெள்ளவத்தையில வாடகை அறையில இருந்தவை. வேலி எண்டா என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?" நாளைக்குக் கையெழுத்து வைக்காட்டில் முற்பணமும் போகும், வீடும் போகும் என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அது அவளுக்குத் தெரியாதா என்ன.

இப்போது என்ன வாசிக்கிறாள்? வங்கி. வங்கி வந்துவிட்டது. வங்கிக்கு எந்த நேரமும் இந்த வீட்டில் ஒரு கை இருக்கும் என்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும், வங்கி குப்பை வாளி உருட்டிக்கொண்டு வராது. அப்பாவின் காணிக்கு வங்கியும் இல்லை, ஒன்றுமில்லை. அப்பா மட்டும்தான். அப்பாவும் அந்த வழக்கும். சும்மா சொல்லக்கூடாது, அப்பா வைத்திலிங்கம் வழக்குப் பேசின மாதிரி அந்தப் பக்கத்தில் ஒருத்தரும் பேசினதில்லை. எதிராளி வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தமையன். பெரியப்பா வீடு பின்னுக்கு, இவர்கள் வீடு முன்னுக்கு, றோட்டுக்குப் போக இவர்களுடைய காணியின் கரையால் ஒரு ஒழுங்கை. அது தன் காணி என்றார் அப்பா. பெரியப்பா அது எப்பவும் வழி என்றார். வேலிக் கதியாலைத் தள்ளிப் போட்டாய், நீ போட்டாய் என்று தொடங்கி, கடைசியில் அப்பா ஒரு நாள் விடிய ஒழுங்கையைக் குறுக்கே அடைத்து வேலி போட்டுவிட்டார். பேந்து கோடு கச்சேரிதான், வக்கீல்தான், தவணைதான். அவள் பாவாடை கட்டின காலத்தில் தொடங்கின வழக்கு, அவள் சேலை கட்டத் தொடங்கின பிறகுதான் முடிந்தது. அப்பா வென்றார். பெரியப்பாவுக்கு வயல் பக்கத்தால் வேறு வழி இருக்கிறது, அதனால் இது தேவையில்லை என்று எங்கள் வக்கீல் நிறுவிவிட்டார். அன்றைக்கு அப்பா வெள்ளை வேட்டியோடு கோட்டிலிருந்து நடந்து வந்த நடை இருக்கிறதே. சங்கக் கடையடியில் நின்ற ஆக்கள் எழும்பி வழி விட்டார்கள். வந்த ஆட்களுக்கெல்லாம் கற்கண்டு குடுத்தது அவள்தான், தட்டைப் பிடித்தபடி வளவு முழுக்கத் திரிந்தாள், நெஞ்சு நிமிர்ந்துபோய்த் திரிந்தாள். இப்பவும் அதை நினைத்தால் நிமிரும். ஒல்லாந்தர் நாட்டுக்கு வந்த புதிதில் கந்தோர் என்ற சொல்லையும் நொத்தாரிசு என்ற சொல்லையும் இவர்களுடைய வாயிலேயே கேட்டுவிட்டுத் திகைத்துப் போனாள், அட, அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த சொற்களெல்லாம் இங்கேயிருந்து வந்ததுகளா என்று. அப்பா சாக முன்னம் தொலைபேசியில் கடைசியாகச் சொன்னதும் அதுதான். இருமி இருமிச் சொன்னார். "பிள்ளை, எங்கை காணி வாங்கினாலும் வாங்கு. வழி மட்டும் குடுத்துப் போடாதை." ஓம் அப்பா என்றாள். ஓம் என்று சொல்லியிருக்கிறாள், செத்துப்போன மனுஷனுக்கு. அதை எப்படி மாற்றுவது.

மாற்ற ஏலாது. வீட்டையும் விட ஏலாது. இரண்டும் ஏலாது என்றால் மூன்றாவது என்ன? அதுதான் ஒரு கிழமையாகத் தலைக்குள் செக்குமாடு சுற்றுகிறமாதிரிச் சுற்றுகிறது. இந்தா, இந்த மேசைக்கு நடுவில் திறப்புக் கோர்வை கிடக்கிறது, முன் கதவுத் திறப்பு, பின் கதவுத் திறப்பு, கொட்டில் திறப்பு. கையை நீட்டினால் எட்டும். கொஞ்சம் முன்னர்தான் எல்லாரும் கடைசித் தரமாக வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வெறும் வீடு, காலடிச் சத்தம் மேல் மாடி வரைக்கும் கேட்டது. வெசலிங் கிழவி யன்னல் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், விற்ற வீட்டுக்கு யார் கண்ணாடி துடைப்பார்கள். இந்த ஊரில் ஒரு வீட்டு யன்னலுக்கும் சீலை இல்லை. றோட்டால் போகிறவன் எட்டிப் பார்த்தால் மேசையில் என்ன கிடக்கிறது என்று தெரியும், ஆனால் ஒருத்தனும் எட்டிப் பார்க்கிறதில்லை. காலையில் பாண்காரன் கடை திறக்கிற சத்தம், பிறகு தேவாலய மணி, பிறகு ஒன்றுமில்லை. முதல் தரம் வந்து காரை விட்டு இறங்கினபோது, இந்த ஊரில் ஆக்கள் இருக்கினமோ என்று கேட்டார் குலசிங்கம். அவளுக்குப் பிடித்ததே அந்த அமைதிதான். நகரத்து மாடி வீட்டில் மேலே ஒருத்தன் தளபாடம் இழுப்பான், கீழே ஒருத்தி பாட்டுப் போடுவாள், சுவரில் ஒரு ஆணி அடிக்கிறதென்றால் வீட்டுச் சங்கத்துக்கு அறிவிக்க வேணும். சாமிப் படத்தைக்கூட ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்திருந்து, அது இரண்டு தரம் விழுந்து பிள்ளையாருக்குக் கண்ணாடி உடைந்தது. இனி ஆணி அடிப்பாள். எங்கே விருப்பமோ அங்கே அடிப்பாள். வாங்க வேறு ஆக்களும் போட்டிக்கு நின்றார்கள், இளம் சோடி ஒன்று, டச்சுக்காரர்தான், கையில் நாய்க்குட்டி. ஆனால் கிழவி இவர்களுக்குத்தான் குடுத்தாள். முதல் நாள் பவளராணி வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாளாம், அதுக்குப் பிறகு தான் யாரையும் பார்க்கவில்லை என்று முகவனிடம் சொன்னாளாம். கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் ஆருடைய வீட்டுக்குள் போயிருக்கிறாள் அவள். அப்படிக் கிடைத்த வீட்டை இப்போது இந்த மேசையில் வைத்து உடைக்கவா? கிழவியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வாய் வராது.

அப்போது தன் பேர் காதில் விழுந்தது. நொத்தாரிசு கொஞ்சம் நிதானித்து, முன்னமே பழகிப் பார்த்துவிட்டு வந்தவள்போல, "வைத்திலிங்கம், பவளராணி" என்று வாசித்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. இந்த நாட்டில் அப்பாவின் பேர்தான் குடும்பப் பேர் ஆகிப்போனது, கடவுச்சீட்டில் அப்படி விழுந்து அப்படியே நின்றுவிட்டது. அவளை வேலையிடத்தில் கூப்பிடுகிறதும் அப்படித்தான், மெஃப்றவ் வைத்திலிங்கம், வைத்திலிங்கம் அம்மா என்று. இருபது வருஷமாக அது அவளுக்கு ஒரு பேர் மட்டும்தான். இன்றைக்குத்தான் காதில் வேறு மாதிரி விழுந்தது. வைத்திலிங்கம் வாங்குகிறார். ஓஸ்தர்வெல்டே கிராமத்தில், செங்கல் வீடும் கொட்டிலும் வளவும் உள்ள காணியை, வைத்திலிங்கம் வாங்குகிறார். அவளுக்குக் கண் கலங்கியது, உடனே இமையை இறுக்கிக்கொண்டாள், இங்கே அழுதால் மொழி விளங்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள். பிறந்த இடம் என்று வாசித்தாள். அந்த ஊர்ப் பேர்தான் நாக்கில் சிக்கிக் கொஞ்சம் நசிந்தது, பரவாயில்லை, அது வந்த மட்டும் காணும். புருஷனின் பேர் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டாவதாக. குலசிங்கம் அதைக் கவனித்தாரோ என்னவோ, பிஸ்கற்றை எடுத்து ஒரு கடி கடித்தார். பாவம், நல்ல மனுஷன். காணிச் சண்டை தெரியாத மனுஷன். அவருக்கு ஒரு வீடு வேணும், அதில் ஒரு மூலையில் கதிரை வேணும், அவ்வளவுதான். இவளுக்கு அது காணாது. இவள் வாங்குகிறது வீடு மட்டுமா, எல்லையும் சேர்த்துத்தானே வாங்குகிறாள். எல்லைக்குள்ளே யார் வருவது, யார் வரக்கூடாது என்று சொல்லுகிற வாயையும் சேர்த்துத்தானே. மண்ணுக்குள் எண்ணெய்த் தொட்டி இல்லை என்று வாசிக்கிறாள். கூரையில் கல்நார் இல்லை என்று வாசிக்கிறாள். இனி வரும். அடுத்தது அதுதான். சொல்ல வேண்டிய டச்சு வசனத்தை நேற்று முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தவள், இப்போது அதன் முதல் சொல் என்னவென்று தேடினாள். கிடைக்கவில்லை. எங்கே போனது? நாக்கு நுனியில்தானே இருந்தது.

வந்தே விட்டது. "நடந்தும், சைக்கிளுடனும், தள்ளுவண்டியுடனும்" என்று நொத்தாரிசு வாசித்தாள். சைக்கிள் என்றதும் எங்கிருந்தோ யோகண்ணை வந்து நின்றார். பெரியப்பாவின் மூத்த மகன் யோகேந்திரன். ஒழுங்கை அடைத்த பிறகு வந்த மாரிக்கு, வயல் வரம்பால், சைக்கிளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போவார். சில்லில் சேறு, காற்சட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டியிருக்கும், வாயில் புத்தகப் பையின் வாரைக் கவ்வியிருப்பார். வேலிக்கு இந்தப் பக்கத்தில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைக்கு ஏன் இந்த மனுஷன் வாறார். டோர்ட்முண்டில் இருக்கிறார் என்று தெரியும், எல்லை தாண்டினால் காரில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை, இத்தனை வருஷத்தில் ஒரு தரம் கதைத்ததில்லை. போங்கோ அண்ணை, இப்ப இல்லை. அவள் கையை உயர்த்தினாள். "நிற்பாட்டுங்கோ" என்றாள். நொத்தாரிசு நிமிர்ந்து பார்த்தாள். படித்து வைத்த வசனம் வரவில்லை, வந்தது முதியோர் இல்லத்து டச்சுத்தான். "இந்தத் துண்டு எனக்கு வேண்டாம். இதை வெட்டுங்கோ. என்ர வளவுக்குள்ளால ஒருத்தரும் போகக் கூடாது." குலசிங்கத்தின் கை அவளுடைய முழங்கையில் வந்து தொட்டது, அவள் தட்டிவிட்டாள். நொத்தாரிசு ஏதோ சொல்ல வாயெடுக்க, அதற்கு முதல் வெசலிங் கிழவி, கைப்பையைப் பொத்தின கை எடுக்காமல், அந்த ஊர் டச்சுப் பேச்சில் கேட்டாள். "அப்ப நீ உன்ர சைக்கிளை எதால கொண்டு போவாய் பிள்ளை?" பவளராணிக்கு விளங்கவில்லை. இந்தப் பேச்சு விளங்காமல் போவது இதுதான் முதல் தரம், ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, கேள்வி விளங்கவில்லை. "ஹெர்மன் உன்ர வளவால வாறான். சரி. வந்து எங்கை போறான்? உன்ர வளவோட முடியுதா?" என்றாள் கிழவி. "மூண்டாவது வீட்டுக்குப் பின்னால போறான், நாலாவது வீட்டுக்குப் பின்னால போறான், அங்கதான் றோட்டு. நானும் அப்படித்தான் போனேன், கலியாணம் கட்டி வந்த நாளில் இருந்து. நீயும் அப்படித்தான் போக வேணும். வெட்டினால் உன்ர வழியும் வெட்டுப்படும், கொட்டிலில கிடக்கிற சைக்கிளை வரவேற்பறைக்குள்ளால உருட்டிக்கொண்டு போவாயா?" நொத்தாரிசு மெல்லத் தலையாட்டினாள். "நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. நீங்கள் ஒரு வீட்டுக்கு வழி விடுகிறீர்கள். உங்களுக்கு இரண்டு வீட்டார் விடுகிறார்கள். அடுத்த பந்தி அதுதான்."

ஆரணி வாசிக்க வந்த பந்தி. போதும் வை என்று சொன்ன பந்தி. மூன்று தரம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள், மூன்று தரமும் குசினி யன்னலால் இடது பக்கத்தைத்தான் பார்த்தாள், யார் வருகிறான் என்று. வலது பக்கம் மூன்றாவது வீட்டு வேலிச்செடிக்கு நடுவில் ஒரு இடைவெளி இருந்தது, அதைக் கண்டவள்தான், அது ஏன் இருக்கிறது என்று யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கண் அப்படித்தான் பார்க்கும், வாறவனை. "அவை மறிச்சினம் எண்டால்?" என்று கேட்டாள். மறிக்க முடியாது என்றாள் நொத்தாரிசு. "ஒரு நாள் விடிய எழும்பி வேலியைப் போட்டு அடைச்சினம் எண்டால்? நான் கோட்டுக்குப் போனால்?" நொத்தாரிசு இந்தக் கேள்வியை யாரிடமிருந்தும் கேட்டிருக்கமாட்டாள்போல, கொஞ்சம் சிரித்தாள். "நீங்கள் போகலாம். நீங்கள்தான் வெல்வீர்கள்." நீங்கள்தான் வெல்வீர்கள். அவளுடைய குடும்பத்துக்கு இதைவிட இனிப்பான வசனம் இருக்கிறதா, ஆனால் அது இனிக்கவில்லை. வழி மறிபட்டவள் வெல்வாள். பின் வீட்டில் இருக்கிறவள் வெல்வாள். இந்த மேசையில், இந்தக் கடதாசியில், பெரியப்பா அல்லவா வென்றுபோட்டார். அப்பா, நீங்கள் முன் வீட்டில் இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொன்னீங்கள். நான் வாங்குகிறது பின் வீட்டை அப்பா. உங்களுடைய மகள் இன்றைக்குத்தான் வேலியின் அந்தப் பக்கத்தில் நிற்கிறாள். நீங்கள் வென்றது எனக்கு இப்பவும் பெருமைதான், அதை ஆருக்கும் விட்டுக் குடுக்கமாட்டேன், கற்கண்டு குடுத்த கை இது. ஆனால் ஒருத்தருடைய வளவுக்குள்ளால் ராணி மாதிரி நடந்து போக எனக்கு உரிமை எழுதித் தருகிறார்கள், அதுவும் இரண்டு வளவு, பேரனுக்கும் பேத்திக்கும் சேர்த்து, வைத்திலிங்கம் என்ற பேருக்கு எழுதித் தருகிறார்கள். இதை வேண்டாம் என்று சொல்லுகிற விசரி நான் இல்லை. "வாசியுங்கோ" என்றாள் நொத்தாரிசுவிடம். "அந்தப் பந்தியை முதலில் இருந்து வாசியுங்கோ, மெல்ல." நொத்தாரிசு மெல்ல வாசித்தாள். பவளராணி ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். முடிந்ததும் பேனையை வாங்கி, அவள் எங்கேயும் வைக்கிறமாதிரித் தமிழிலேயே, வை. பவளராணி என்று வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கி வைக்கலாம் என்றார்கள், அவள் முழுக்க வைத்தாள். குலசிங்கம் தன் முறைக்கு வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துவிட்டு, "முடிஞ்சுதோ? இனி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். "நீங்கள் காரை எடுங்கோ" என்றாள் அவள்.

வெளியே வெயில் அடித்தாலும் குளிர் போகவில்லை. வெசலிங் கிழவி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஹெர்மனுக்குக் காது கேட்காது, கூப்பிட்டால் திரும்பமாட்டான், கோவிக்காதே என்று சொல்லிவிட்டுத் தன் மகனுடைய காரில் ஏறிப் போனாள். பவளராணி திறப்புக் கோர்வையை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தொலைபேசியில் அந்த இலக்கத்தைத் தேடினாள். சொந்தக்காரர் குழுவில் இலக்கம் இருக்கிறது, எப்பவும் இருந்தது. தான் என்னத்துக்கு எடுக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். பெருமை அடிக்க. வேறு ஒன்றுமில்லை, வீடு வாங்கியிருக்கிறாள், சொந்தக்காரருக்குச் சொல்லுவதில் என்ன பிழை. மணி அடித்தது. எடுக்கமாட்டார். எடுத்தார், ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். "யோகண்ணை, நான் பவளம்." "எந்தப் பவளம்?" "வைத்திலிங்கத்தாரின்ர மகள்." அந்தப் பக்கத்தில் ஒரு யந்திரம் இரைந்துகொண்டிருந்தது, அவர் அதை விட்டு விலகிப் போவது கேட்டது. "என்ன, ஆருக்கும் ஏதுமோ?" என்றார். சாவுக்குத்தானே இப்படி எடுப்பார்கள். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. வீடொண்டு வாங்கியிருக்கிறன் அண்ணை. இப்பதான் உறுதி முடிஞ்சது. சொல்லுவம் எண்டு எடுத்தனான்." "நல்லது" என்றார். அவள் வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் கேட்டார். "காணி கிடக்கோ?" "பின்னால கொஞ்சம்." "எல்லையெல்லாம் வடிவாப் பாத்தனியோ? வேலி ஆரின்ர பொறுப்பு?" அவள் மூச்சை எடுத்தாள். "வேலி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எங்கட வளவுக்குள்ளாலதான் போவினம் வருவினம். நாங்கள் மற்ற ஆக்களின்ர வளவுக்குள்ளால போவம்." "நீ அதுக்குக் கையெழுத்து வைச்சனியோ?" "வைச்சனான்." குலசிங்கம் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உள்ளே இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சித்தப்பா இருந்திருந்தால் உன்னை வீட்டுக்குள்ளயே விட்டிரார்" என்றார் யோகண்ணை, குரல் ஒரு மாதிரி இருந்தது, சிரிக்கிறாரா இல்லையா என்று அவளால் பிடிக்க முடியவில்லை. "தெரியும் அண்ணை" என்றாள் அவள். "ஞாயிற்றுக்கிழமை மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. முன் கதவால வராதேங்கோ."